காற்றுக்குக் காத்திருந்த கடாரம்

நம் கெடா மாநிலத்தின் பழைய தமிழ்ப் பெயர் கடாரம். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடற்படை அனுப்பி இதை வென்று 'கடாரங்கொண்டான்' எனப் பெயர் பெற்றதை மேடைதோறும் கேட்கிறோம். ஆனால் படை வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே வணிகரும் துறவியரும் மாலுமிகளும் இங்கே வந்து போயினர். அவர்கள் கரையில் எப்படிக் காலம் கழித்தார்கள் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

பாய்மரக் கப்பலுக்கு எஞ்சின் ஏது? காற்றுதான் எஞ்சின். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் தென்மேற்குக் காற்றில் பாய் விரித்தால் வங்கக் கடலைக் கடந்து இங்கே வரலாம். ஊர் திரும்ப வேண்டுமானால் கார்த்திகைக்கு மேல் வீசும் வடகிழக்குக் காற்று வேண்டும். நடுவிலே மாதக்கணக்கில் கரையில் கிடக்க வேண்டியதுதான். சரக்கு இறக்கியாச்சு, நாளைக்கே கிளம்பலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சீனத் துறவி இத்சிங் எழுதி வைத்த பயணக் குறிப்பு இதற்கு நல்ல சான்று. அவர் 671இல் சீனாவின் தென்கரையில் கப்பலேறி, இருபது நாளுக்குள் சுமத்ராவின் ஸ்ரீவிஜய நகரம் சேர்ந்தார். அங்கே ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் படித்தார். அடுத்து மலாயு என்ற ஊரில் இரண்டு மாதம். பிறகு கடாரம். ஆண்டின் கடைசி மாதத்தில் அரசர் கப்பலில் இங்கிருந்து புறப்பட்டார். பத்து நாளில் நக்கவாரம் என்னும் நிக்கோபார் தீவு. அங்கத்திய மக்கள் தேங்காயும் வாழைப்பழமும் படகில் கொண்டுவந்து இரும்பு கேட்டார்களாம்! மேலும் அரை மாதம் ஓடி, 673இல் வங்காளக் கரை சேர்ந்தார். கடலில் கழிந்த நாளைவிடக் கரையில் கழிந்த நாளே அதிகம். அந்த நாளை அவர் வீணாக்கவில்லை. கடாரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு முப்பது நாள் ஓட்டம் என்பதும் அவர் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

காத்திருந்தவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையை அடையாளம் வைத்துக் கரை சேர்ந்தவர்கள், அதன் அடிவாரத்தில் கோயில்கள் எழுப்பினார்கள். அதுதான் இன்றைய பூஜாங் பள்ளத்தாக்கு. சுங்கை மாஸில் கண்ணாடி மணி செய்தார்கள். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கினார்கள். 1834இல் ஜேம்ஸ் லோ, பக்கத்துச் செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற பெருமாலுமி, பயணம் நலமாக முடிய வேண்டிக்கொண்டு சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் பொறித்தது அது.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் நீராவிக் கப்பல் வந்துவிட்டது. காற்றுக்குக் காத்திருக்கும் தேவை போயிற்று. ஆனாலும் காத்திருப்பு போகவில்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர்களைப் பினாங்குப் பக்கத்து ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்தார்கள். பழைய மாலுமி காத்திருந்தபோது பாய்க் கயிறு அவன் கையில் இருந்தது. இவர்களோ எந்தத் தோட்டம், எந்த லயம் என்று பிறர் சொல்லும் வரை காத்திருந்தார்கள். இரண்டு கூட்டமும் இந்த மண்ணில்தான் கால் வைத்தது. இரண்டு வரலாறும் நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதே.

ஆனால் 2013இல் என்ன நடந்தது? சுங்கை பத்துவில் 11ஆம் எண் கோயிலின் அடித்தளத்தை நில மேம்பாட்டு வேலைக்காக மண்வாரி இயந்திரம் தரைமட்டமாக்கிவிட்டது. ஆயிரம் வருடம் மழை வெயிலுக்கு அசையாத கல், தெரியாத்தனத்தால் போயிற்று.

பெற்றோர்களே! விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். புல் வெட்டும்போதோ கன்று நடும்போதோ பழைய செங்கல் வரிசை தென்பட்டால், அதை அடுப்புக்கோ படிக்கட்டுக்கோ பெயர்த்து எடுக்காமல், அந்த இடத்தை அருங்காட்சியகத்தாரிடம் சொல்லுங்கள். அது யாரோ ஒருவர் காற்றுக்குக் காத்திருந்த வாசற்படியாக இருக்கலாம்.