வீட்டுக்கு ஒரு பழைய கதிரை: வாங்குமுன்னும் விற்குமுன்னும்



நம் ஊர்களில் இப்போது இரண்டு விடயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒரு பக்கம், உம்மம்மா காலத்துக் கையில்லாக் கதிரைகள் பழைய சாமான் எடுக்க வரும் வண்டியில் ஏறிப் போகின்றன. அந்த இடத்துக்கு வருவது பிளாஸ்டிக் கதிரை. மறுபக்கம், புதுவீடு கட்டும் நம் பிள்ளைகள் 'அன்டிக்' என்று நம்பி, போன மாதம் செய்த கதிரைக்குப் பெரிய விலை கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஒரு கதிரையை எப்படிப் பார்ப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் நாற்காலி என்கிறார்கள், நாம் கதிரை என்கிறோம். இது போர்த்துக்கேயரின் 'கதெய்ரா' என்ற சொல். மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல் எல்லாம் அதே வழியில் வந்தவை. பாயும் கட்டிலும் நம்முடைய சொற்கள். சாதாரண வீட்டில் உட்காரவும் படுக்கவும் என்ன இருந்தது, பிறகு என்ன வந்து சேர்ந்தது என்பதை நம் பேச்சே சொல்லிவிடுகிறது.

அதற்காக ஆசனம் என்பதே இங்கு இல்லை என்று நினைக்கக்கூடாது. இருந்தது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ 19 வருடங்கள் இங்கே வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் மக்களின் வீட்டுச் சாமான்களைப் பற்றி எழுதுகிறார். வீடுகளில் முதுகு இல்லாத முக்காலிகள் ஒன்றிரண்டு இருக்கும், முதுகு வைத்த ஆசனத்தில் அரசன் மட்டுமே அமரலாம் என்கிறார். யோசித்துப் பாருங்கள், இன்று நாம் சாப்பாட்டு மேசையில் முதுகைச் சாய்த்து இருப்பது அன்று அரசனின் உரிமை.

இதை அறிந்துதான் ஒல்லாந்தரும் நடந்துகொண்டார்கள். ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ, 1693இல் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்குக் கொடுத்த அன்பளிப்பு ஒரு சிம்மாசனம். 1815இல் கண்டி விழுந்த பிறகு அது இங்கிலாந்துக்குப் போனது. 1934இல் திரும்பி வந்தது. கொழும்பு தேசிய நூதனசாலையில் நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அதைத்தான்.

ஒல்லாந்தர் 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்களுக்கு வீடும் அலுவலகமும் தேவாலயமும் வேண்டியிருந்தன. கதிரைகளும் வேண்டியிருந்தன. மாதிரி ஐரோப்பாவிலிருந்து வந்தது. மரம் இங்கே இருந்தது, செய்த கைகளும் இங்கே இருந்தன. ஆகவே, 'ஒல்லாந்தக் கதிரை' என்று சொல்லும்போதே பாதிதான் சொல்கிறோம். மீதிப் பாதி நம் நாட்டு ஓடாவியுடையது. அவர் பெயர் பெரும்பாலும் எந்தக் கதிரையிலும் இல்லை. அவர் விட்டுப்போன ஒரே பதிவு அந்த வேலைப்பாடுதான். அதனால்தான் ஒரு கதிரை ஊரை விட்டுப் போவதை நாங்கள் சின்ன விடயமாக எடுக்கவில்லை.

கதிரையைப் பார்க்கத் தெரியாமல் ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்ல. இங்கிலாந்தின் பெயர்பெற்ற எழுத்தாளர் ஹொரஸ் வோல்போல் 1763இல் ஓர் ஏலத்தில் செதுக்கிய கருங்காலிக் கதிரைகளை வாங்கினார். அவை தங்கள் நாட்டின் டியூடர் அரசர் காலத்தவை என்று உறுதியாக நம்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நம்பினார்கள். உண்மையில் அந்த வகைக் கதிரைகள் 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை. இலங்கையிலும் அதேபோன்றவை செய்யப்பட்டன. நம் பக்கத்துத் தச்சனின் வேலையை ஆங்கில அரசரின் சொத்து என்று ஒரு நாடே நினைத்திருக்கிறது.

இனிக் காலத்தைப் பிரித்து அறியும் வழிக்கு வருவோம்.

17ஆம் நூற்றாண்டுக் கதிரை பொதுவாகத் தாழ்வானது. கருங்காலி மரம், கயிறு முறுக்கியதுபோலக் கடைந்த கால்கள், முதுகில் நெருக்கமாகச் செதுக்கிய பூவும் கொடியும். 18ஆம் நூற்றாண்டில் முதுகு உயர்கிறது. நடுவில் பூச்சாடி வடிவத்தில் ஒரு பலகை வருகிறது. முன்கால்கள் வளைந்து, சிலவற்றின் பாதம் உருண்டையைப் பற்றிய நகம்போல முடிகிறது. 1796க்குப் பிறகு ஆங்கிலேயர் காலத்தில் கோடுகள் மெலிகின்றன, கால்கள் வாள்போலச் சற்று வளைகின்றன. விக்டோரியா காலத்தில் முதுகு வட்டமான பலூன்போல வருகிறது. நம் வீடுகளில் மிஞ்சியிருப்பவை அதிகமும் இந்தக் கடைசி வகையும், அதைப் பார்த்து 20ஆம் நூற்றாண்டில் மொறட்டுவைப் பக்கம் செய்தவையும்தான். அவை 'அன்டிக்' இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். நல்ல மரத்தில் நல்ல கையால் செய்த கதிரைக்கு 80 வயது போதும்.

மரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கருங்காலி தண்ணீரில் போட்டால் தாழும் அளவுக்குப் பாரமானது. ஒரு கையால் இலகுவாகத் தூக்க முடிகிற 'கருங்காலிக் கதிரை' அநேகமாகக் கறுப்புச் சாயம் பூசிய வேறு மரம். முதிரை மஞ்சள் ஒளியுடன் மினுங்கும். தேக்கு, பலா, நெதுன் ஆகியவையும் நிறையப் பயன்பட்டன. சிங்களத்தில் கலுமெதிரிய என்று சொல்லும் மரம் கறுப்பும் பழுப்புமாக வரி வரியாக இருக்கும். அது நம் தீவுக்கே உரியது, கண்மண் தெரியாமல் வெட்டி இப்போது மிக அரிதாகிவிட்டது. அந்த மரத்தில் ஒரு கதிரை உங்கள் வீட்டில் இருந்தால், யாரிடமும் விலை பேசுமுன் இரண்டு தரம் யோசியுங்கள்.

வாங்கப் போனால் செய்ய வேண்டிய முதல் வேலை கதிரையைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. உண்மை கீழேதான் இருக்கும்.

1. அறுத்த தடம். அடிப்பக்கத்தில் நேர்க்கோடுகள் இருந்தால் கைவாளால் அறுத்ததாக இருக்கலாம். வளைந்த தடம் இருந்தால் வட்டவாள் இயந்திரம். அது 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

2. ஆணி. பழைய தச்சர் துளைக்குள் நாக்கைப் புகுத்தி மர ஆணியால் இறுக்குவார். நட்சத்திரத் தலை ஸ்குரூ 1930களில் வந்த ஒன்று. அது இருந்தால், ஒன்றில் கதிரை புதிது, அல்லது பிறகு பழுதுபார்த்தது. எது என்று கேளுங்கள்.

3. கடைந்த கால். மரம் காய்ந்து சுருங்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஆகவே பழைய கடைசல் கால் மிக நுட்பமாக முட்டை வடிவம் எடுத்திருக்கும். இரண்டு பக்கமாக அளந்து பாருங்கள்.

4. பிரம்பு. கைப்பின்னல் என்றால் சட்டத்தைச் சுற்றித் தனித்தனித் துளைகள் இருக்கும். ஒரு பள்ளத்துக்குள் பின்னிய விரிப்பை வைத்து அழுத்தியிருந்தால் அது பிந்திய காலத்து வேலை. பிரம்பு பிய்ந்திருப்பது குறை அல்ல, மாற்றலாம்.

5. தேய்மானம். மனிதர் இருந்து எழும் கதிரை, கால் உரசும் முன்சட்டத்திலும் கை பிடிக்கும் முதுகின் மேலும் தேயும். எல்லா இடமும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தால் அது சாண்ட்பேப்பரின் வேலை.

6. உளு. தரையில் புதுத் தூள் விழுந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

பிறகு உட்கார்ந்து பாருங்கள். சாப்பாட்டு மேசை அநேகமாக 30 அங்குலம், அதற்கு 18 அங்குல ஆசனம் பொருந்தும். தாழ்ந்த பழைய கதிரை மேசைக்குச் சரிவராது. அதை விறாந்தையிலோ கட்டிலின் அருகிலோ வையுங்கள். ஆறும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை என்று கவலைப்படவும் வேண்டாம். ஆசனத்தின் உயரமும் மரத்தின் நிறமும் ஒத்துப்போனால், இரண்டு வகைக் கதிரைகள் ஒரு மேசையில் நன்றாகவே இருக்கும்.

வாங்கியபின் பழைய பொலிஷை இயந்திரத்தால் சுரண்டி எடுக்காதீர்கள். நூறு வருட நிறம் ஒரு பின்னேரத்தில் போய்விடும். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, மெழுகு பூசினால் போதும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1815 மார்ச் 2க்கு முந்தியவை நம் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு அன்பளிப்பாகக் கட்டிக் கொடுக்குமுன் இதை நினைவில் வையுங்கள்.

விற்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டில் குமர் இருக்கும், கடன் இருக்கும், மருந்துச் செலவு இருக்கும். அது அவரவர் நிலைமை. ஆனால் என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்போம். வண்டி வாசலில் நிற்கும்போது அவசரப்படாமல், முதல்நாளே கதிரையைக் கவிழ்த்துப் பார்த்து, போனில் நாலு படம் எடுத்து, இது யார் வாங்கியது, எங்கே செய்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு ஒரு துண்டில் எழுதி வையுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. கதிரையை வேறொருவர் திரும்ப வாங்கித் தரலாம், அந்தப் பதிலை வாங்கித் தர ஆளில்லை.