யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரஸ்

பிள்ளைகள் சங்கம் சேர்ந்தால் படிப்புக் கெடும் என்னும் அச்சம், ஊர்விட்டு ஊர் வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் சற்று மிகுதியாகவே உண்டு. டாலிகஞ்சில் வாழும் நம் குடும்பங்களும் அதற்கு விலக்கல்ல. இந்த அச்சத்தை நகையாடுவது முறையன்று. 1967-இல் போர்ட் பிளேரில் அரசினர் கல்லூரி தோன்றும்வரை, மேற்படிப்பு விரும்பிய பிள்ளையைக் கப்பலேற்றிச் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ அனுப்புவதன்றி இத்தீவுப் பெற்றோர்க்கு வேறு வழி இருக்கவில்லை. கண்ணுக்கு எட்டாத தொலைவில், எவருடன் கூடுகிறான், எந்தக் கொடியைப் பிடிக்கிறான் என்று அவர்கள் கவலையுற்றது இயல்பே. ஆயினும் மாணவர் கூடி அமைத்த அமைப்பொன்று தமிழ்ச் சமுதாயம் ஒன்றையே அசைத்துப் பார்த்த வரலாறு நம் அண்டை நாட்டில் உண்டு. அதன் பெருமையையும் பிழையையும் ஒருங்கே அறிவது நன்று.

இலங்கை என்றதும், 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய மலையகத் தமிழரே இத்தீவுகளில் நம் நினைவுக்கு வருவர். யான் கூறப்போவது அவர்களைப் பற்றியதன்று. வடபுலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றியது.

1924-ஆம் ஆண்டில் அங்கே மாணவர் காங்கிரஸ் என்றோர் அமைப்புத் தோன்றிற்று. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் ஹண்டி பேரின்பநாயகம். 1899-இல் பிறந்த அவர்க்கு அப்போது வயது இருபத்தைந்துதான். கல்லூரி மாணவரும், அண்மையில் மாணவராயிருந்து ஆசிரியப் பணி ஏற்றோரும் ஒரே அவையில் அமர்ந்தனர். அதன் வலிமை இதில்தான் இருந்தது என்பது என் கருத்து. மாணவர் தனித்து நின்றிருப்பின் ஓராண்டு ஆர்ப்பரித்து ஓய்ந்திருப்பர். ஆசிரியர் தனித்து நின்றிருப்பின் தீர்மானம் எழுதிப் பெட்டியில் பூட்டியிருப்பர்.

அவர்கள் வேண்டியவை இன்றும் வியப்பூட்டும். நாட்டுக்கு முழு விடுதலை; சிங்களவரும் தமிழரும் ஒரே நாட்டு மக்கள் என்னும் உணர்வு; பள்ளிகளில் தாய்மொழியோடு மற்றவர் மொழியையும் கற்பித்தல்; சாதி வேறுபாட்டை ஒழித்தல். இவற்றுள் இறுதியானதே அவர்களை வீட்டிலும் வீதியிலும் பகைக்கு ஆளாக்கியது. அந்நாளைய யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளை பலகையில் அமரலாகாது. தரையிலேயே அமர வேண்டும். ‘சம ஆசனம்’, ‘சம போசனம்’ என்னும் இரு சொற்கள் அக்காலத்து ஊர்களைப் பிளந்தன. அருகருகே அமர்ந்து படிப்பதும், ஒரே பந்தியில் உண்பதும் – இவ்வளவே அவற்றின் பொருள்! 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனத்திற்கு அரசின் ஆணை வந்தபோது, அதைப் பொறாதவர்களால் பள்ளிக் கட்டடங்கள் சில தீக்கிரையாயின. காங்கிரஸ் இளைஞர்கள் தம் கூட்டங்களில் அந்தப் பந்தியை நடத்திக் காட்டினர். தந்தையார் நுழைய மறுத்த இடத்தில் மகன் இலை போட்டு அமர்ந்தான். நூறு மேடைப் பேச்சுகளினும் இது அரிது.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்திற்கு அவரை வரவழைத்துப் போற்றியதில் முன்னின்றவர்கள் இம்மாணவரே. அடிகளும் அவர்கள் அவையில் தனித்து உரையாற்றினார். அமைப்பு பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் மாறிற்று.

இனி அவர்களின் பிழைக்கு வருவோம். டொனமூர் அரசியல் திட்டம் 1931-இல் இலங்கைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிறைந்த ஆண் பெண் அனைவர்க்கும் அது வாக்குரிமை வழங்கிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற முதியோர், எல்லார்க்கும் வாக்கு என்பதையே எதிர்த்திருந்தனர். இளைஞரின் மறுப்பு வேறு வகையினது: இத்திட்டம் முழுத் தன்னாட்சி தரவில்லை, ஆதலின் தேர்தலைப் புறக்கணிப்போம் என்றனர். கமலாதேவி சட்டோபாத்யாயர் வந்து உரையாற்றிய அவ்வாண்டு மாநாட்டில் அம்முடிவு உறுதி பெற்றது. வேட்புமனுத் தாக்கலுக்குரிய நாளில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை. பழுத்த அரசியல்வாதிகளையும் இளைஞர் படை ஒன்று அடங்கச் செய்தது! தென்னிலங்கைத் தலைவர்கள் சிலர் பாராட்டினர். எனினும் பின்தொடர்ந்து வந்தாரில்லை. அங்கே தேர்தல் நடந்தது, அவை கூடிற்று, வடக்கின் நான்கு இருக்கைகள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன.

இதில் என் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. பந்தியில் எவனுக்கு இடம் தேடி இவ்விளைஞர்கள் வசை ஏற்றார்களோ, அவன் வாழ்நாளில் முதன்முறையாகப் பெற்ற வாக்குச் சீட்டை அவர்களே பயனற்றதாக்கினர். கொள்கையின் தூய்மை அவர்கள் கண்ணை மறைத்துவிட்டது எனலாம். எனினும் அவர்களைச் சாடுவோர், அவர்கள் எதையும் தமக்கெனக் கேட்கவில்லை என்பதையும் கூட்டியே எண்ணல் வேண்டும்.

1934-இல் இடைத்தேர்தல் நடந்தது. பருத்தித்துறையில் வென்ற ஜி. ஜி. பொன்னம்பலம், பிற்காலத்தில் சிறுபான்மையினர்க்குச் சரிபாதி இடம் கேட்கும் அரசியலை வளர்த்தார். 1936-இல் அமைச்சரவை முழுதும் சிங்களவராகவே அமைந்தது. ஒரே நாட்டு மக்கள் என்ற இளைஞரின் குரல் இவ்விரண்டிற்கும் இடையே தேய்ந்து மறைந்தது. 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தபோது, இரு மொழியும் கற்பிப்போம் என்ற மாணவர் தீர்மானத்தை நினைவுகூர்ந்தோர் சிலரே. 1970-இல் அதே மண்ணில் தமிழ் மாணவர் பேரவை தோன்றிற்று; அதன் பாதை முற்றிலும் வேறு.

பேரின்பநாயகம் கற்பிக்கச் சென்றார். கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவரை, 1949-இல் கொக்குவில் இந்துக் கல்லூரி தன் அதிபராக ஏற்றது. பதினோராண்டுகள் அப்பணியில் இருந்தார். 1977-இல் மறைந்தார்.