நாலு சில்லும் பழைய கணினியும்

நம்ம ஆங் மோ கியோவில் 1981இல் ஆப்பிள் கம்பெனி ஆலை திறந்து, ஆப்பிள் 2 கணினிக்கு மின்சுற்றுப் பலகைகள் செய்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1983இல் ஆப்பிள் 2இ வந்தது. 1985இல் அதன் திருத்திய வடிவம் வெளியானபோது, பழையதை வாங்கினவர்கள் ஏமாறவில்லை. செயலி உட்பட நாலே நாலு சில்லு கொண்ட பொட்டலத்தைக் கம்பெனியே விற்றது. மூடியைத் திறந்து மாற்றிப் போட்டால் பழைய பெட்டியும் புதுசுதான்!

பிற்காலத்தில் அந்த வழக்கம் மாறிப்போச்சு. 2024இல் வந்த செகோயா இயங்குதளத்தை, 2019க்கு முந்திய ஐமேக் கணினிகளுக்குக் கம்பெனி தரவில்லை. சில ஆண்டில் பாதுகாப்புத் திருத்தமும் நின்றுவிடும். ஆகவே வெளியாட்கள் சிலர் தாங்களாகவே ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற மென்பொருளை எழுதினார்கள். கணினி விழிக்கும்போதே அது முந்திக்கொண்டு, பழைய பெட்டியைப் புதிய இயங்குதளம் ஏற்கும்படி செய்கிறது. திரைக்கும் வைஃபைக்கும் கைவிடப்பட்ட நிரல்களைத் திரும்பச் சேர்க்கிறது. 2008 ஐமேக்கிலேகூட செகோயா ஓடும்! தொல்லையும் உண்டு: ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பிறகு மறுபடி ஒட்டுப்போடணும்.

என் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில், அண்ணன் விட்டுப்போன 2015 மெக்புக்கைத் தவிர வேறு கணினி கிடையாது. குப்பைக்குப் போக இருந்த அதை இப்படித்தான் ஓட்டி, இவ்வாண்டுக் கட்டுரைகளையெல்லாம் தட்டச்சுச் செய்தான்.