பலாலியிலிருந்து எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த புத்தூருக்கு வடதிசையில், ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவில் அமைந்திருப்பது பலாலி விமான நிலையம். அங்கிருந்து பிற ஊர்களுக்கு எவ்வளவு தூரம் என்னும் வினா எளிதாகத் தோன்றும். விடையோ காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றது.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கணிப்போர் தெருவை அளப்பதில்லை. பூமி உருண்டையாதலின், அவ்வுருண்டையின்மேல் இரண்டிடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டையே அளப்பர். அவ்வாறு அளந்தால் பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானை ஏறத்தாழ 330 கிலோமீற்றர், சென்னை 355, திருச்சிராப்பள்ளியோ 185 கிலோமீற்றர் மட்டுமே. தலைநகருக்குச் செல்லும் தூரத்தில் ஏறக்குறையப் பாதியளவே பறந்து காவிரிக்கரையை அடைந்துவிடலாம் என்பது பலர் எண்ணிப் பாராத செய்தி.

இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படையினர் பலாலியில் ஓடுபாதை அமைத்தனர். அப்போரிலே 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்து ஆஸ்திரேலியாவின் வான்வழி அறுந்தபோது, காலிக்கு அருகே கொக்கலை வாவிக்கும் பேர்த் நகருக்கும் இடையே கற்றலீனா என்னும் நீர்விமானங்கள் 1943 முதல் 1945 வரை பறந்தன. 6,500 கிலோமீற்றர்; இடையில் இறங்க ஓரிடமில்லை; பகைவர் அறியாதிருக்க வானொலியும் பெரும்பாலும் மௌனம். பயணம் ஒரு நாளினும் நீண்டமையால் அதில் இருந்தோர் இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். அத்துணைத் தூரமும் தாண்டக்கூடியதாயிற்று என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. அந்நிறுவனத்தின் முதற் சேவையே யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் சென்ற சேவையாகும். பின்னர் 1979இல் எயர் சிலோன் மறைந்தது, போரும் மூண்டது, பலாலி படையினரின் தளமாயிற்று. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கிருந்து தமிழகத்துக்குப் பயணிகள் விமானம் பறக்கவில்லை.

அக்காலத்தில் புத்தூர்வாசி ஒருவர் திருச்சிக்கு எவ்வழியாற் சென்றார்? தெரு திறந்திருந்த நாட்களில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தெற்கே கட்டுநாயக்காவுக்குச் சென்று, வந்த திசையிலேயே மீண்டும் வடக்கு நோக்கி 400 கிலோமீற்றருக்கு மேற் பறந்தார். கணக்கிட்டால் நேர்த்தூரத்தின் நான்கு மடங்குக்கும் அதிகம். உறவினரின் மரணச் செய்தி கேட்டுப் புறப்படுவோருக்கு இக்கணக்கு வெறும் எண்ணன்று. முகத்தைக் காண முடியுமா முடியாதா என்பதே அதன் பொருள்.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கியது. சில மாதங்களிற் கொரோனா நோய் அதனை நிறுத்தியது; 2022 டிசம்பரில் மீண்டும் பறந்தது. திருச்சிக்கு நேர்ச்சேவை 2025 மார்ச்சு 30ஆம் நாள் தொடங்கியது. ஏறியமர்ந்தவர் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்.

இவையாவும் சிறு விமானங்களே. பெரியவை இறங்க ஓடுபாதை நீளவேண்டும். அது நீளக் காணி வேண்டும். அயலிலுள்ள காணிகளோ 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களுடையவை. அவர்களுள் ஒரு பகுதியினர் தங்கள் வளவுக்குத் திரும்ப இன்றும் காத்திருக்கின்றனர்.