சாபமா, செடியா?

இமை தடித்தது, கழுத்து கறுத்தது, இரவெல்லாம் அரிப்பு. "முன்வினைப் பயன்" என்றார் ஒருவர். "நாக தோஷம்" என்றார் இன்னொருவர். கோயிலிலே உப்பும் மிளகும் கொட்டப்பட்டன. கல்நாகத்துக்குப் பால் வார்க்கப்பட்டது. உழைப்பாளியின் கூலி கரைந்தது, அரிப்போ கரையவில்லை!

1997 வரை ஒரே மாவட்டமாயிருந்த சேலம், நாமக்கல் சமவெளியிலே, மரவள்ளிக் காட்டோரத்திலும் சாலையோரத்திலும் சிறு வெண்பூக்களோடு நிற்கிறது பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்து வெப்ப நிலங்களில் பிறந்த செடி அது. 1950களின் நடுவிலே புனேயில் கண்டறியப்பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்த விதை என்பர் பலர். 1970களில், தோல் அழற்சியால் அந்நகரில் பலர் வதைபட்டதையும், அதற்கு இச்செடியே காரணமென்பதையும் மருத்துவர்கள் பதிவு செய்தனர். எந்தப் புராணமும் அறியாத இச்செடியா, முற்பிறவி வினைக்குத் தண்டனை தரக் கப்பலேறி வந்தது?

செடியின் நுண்மயிர்களிலே பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது. முதல் நாளே அது தாக்குவதில்லை. சிலருடைய உடல், பலகாலம் பழகியபின், அதனைப் பகையெனக் கொண்டு போர் தொடுக்கிறது. இதுவே ஒவ்வாமை. 'அலர்ஜி' என்ற பெயரை 1906-இல் தந்தவர், வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. காய்ந்த செடியின் தூள் காற்றிலே பறப்பதால், ஆடை மூடாத முகமும் கழுத்தும், முழங்கை மடிப்பும் முதலில் புண்ணாகின்றன.

காரணத்தைக் காண்பதெப்படி? எங்கே வேலை, எப்போது மிகுகிறது, ஊர்விட்டுச் சென்றால் தணிகிறதா என மருத்துவர் கேட்கிறார். பின்னர் ஒட்டுச் சோதனை. 1895-இல் ஜெர்மானிய மருத்துவர் யோசெஃப் யாடாசோன் வெளியிட்ட முறை இது. ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறிதளவாக முதுகில் வரிசையாய் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுப்பர். அப்போதும் அடுத்த ஓரிரு நாளிலும் பார்ப்பர். சிவந்து தடித்த இடம் குற்றவாளியைக் காட்டிவிடும். சாதகக் கட்டத்தில் சிக்காத விடை, முதுகின் கட்டத்தில் சிக்குகிறது!

இந்த ஒவ்வாமை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தொற்றாத நோய்க்காகத் தனித்தட்டும் தனிப்பாயும் தந்து ஒதுக்குகிறோமே, அந்தத் தீண்டாமைக்கு மருந்து எது?

இளைஞர்களே! பரிகாரம் தேடி அலைபவரைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கையுறை அணிந்து, பூக்குமுன்னே செடியை வேரோடு களையுங்கள்; ஒவ்வாமை கண்டவரை அப்பணியில் இறக்காதீர்கள். களைய வேண்டியவை இரண்டு: காட்டிலே பார்த்தீனியம், கருத்திலே சாபம்.