லேயிலிருந்து யார்க்கண்டு வரை

சிந்து நதியின் மேற்பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், மழையும் மரமும் அரிதாகிய லடாக் பிரதேசத்தில் அமைந்த லே என்னும் சிறு நகரம், தான் விளைத்த பொருள் எதனாலும் பெயர் பெற்றதன்று. தெற்கே பஞ்சாபும் காஷ்மீரமும், கிழக்கே திபெத்தும், வடக்கே காரகோர மலைகளுக்கு அப்பால் சீனத் துருக்கிஸ்தானத்து யார்க்கண்டும் கோத்தானும் காஷ்கரும் தத்தம் பண்டங்களை மாற்றிக்கொள்ள அதனினும் தோதான ஸ்தலம் அந்த மலைநாட்டில் வேறு இல்லாமையால், அது பல நூற்றாண்டுகள் ஆசிய வர்த்தகத்தின் சந்தியாக விளங்கிற்று. கோடை முதிர்ந்து கணவாய்கள் திறந்த பின், ஹோஷியார்பூர்க் கத்ரியும், காஷ்மீரத்துச் சால்வை வியாபாரியும், திபெத்தியரும், யார்க்கண்டுத் துருக்கரும் அதன் ஒற்றைக் கடைவீதியில் தோளோடு தோள் உரசி நின்று பேரம் பேசினர். பலர் தங்கள் சரக்கை அங்கேயே மாற்றிக்கொண்டு, அப்பால் ஓரடியும் வைக்காமல் தத்தம் ஊருக்குத் திரும்பினர்.

இந்த வர்த்தகத்தில் மிகப் பழமையானதும் பெரும் பூசலுக்குக் காரணமானதும், சால்வை நெய்யப் பயன்படும் பஷ்மம் என்னும் ஆட்டு உரோமம். சாங்தாங் பீடபூமியின் கொடுங்குளிரில் வெள்ளாட்டின் மேல்மயிருக்கு அடியில் வளரும் அந்த மென்மயிரை நம்பியே ஸ்ரீநகரத்துத் தறிகள் ஓடின. 1684-இல் லடாக்குக்கும் திபெத்துக்கும் நிகழ்ந்த டிங்மோஸ்காங் உடன்படிக்கை, மேற்குத் திபெத்தின் உரோமம் லடாக் வழியாகக் காஷ்மீரத்துக்கே செல்லவேண்டும் என்று வரையறுத்தது. லேயிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை லாசாவுக்குக் காணிக்கையுடன் ஒரு தூதுக்குழு போகவும், லாசாவிலிருந்து ஆண்டுதோறும் தேயிலைச் சுமைகளுடன் அரசாங்க வணிகர் லேக்கு வரவும் அதுவே வழிசெய்தது. ஜம்முவின் தளபதி ஜோராவர் சிங் 1834-இல் லடாக்கை வென்று, 1841-இல் திபெத்தின்மேல் படையெடுத்து அங்கேயே மாண்ட பிறகு எழுதப்பட்ட 1842-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் உரோமமும் தேயிலையும் பழைய முறைப்படியே செல்லவேண்டும் என்று கூறிற்று. எல்லைக்காகப் போரிட்ட இரு தரப்பாரும் வணிகத்தின் வழியை மாத்திரம் அடைக்கத் துணியவில்லை என்பதை அக்காலத்து அறிவுடைமைக்கு ஒரு சான்றாகவே நான் கருதுகிறேன்.

ஆயினும் அந்த மார்க்கத்தின் முழுக் கடுமையும் வடக்கு நோக்கிப் போகிறவனுக்கே தெரியும். லேயிலிருந்து யார்க்கண்டு ஏறக்குறைய 500 மைல். சரக்கேற்றிய குதிரைகளுடன் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட பிரயாணம். கோடைவழி புறப்பட்டவுடனேயே கார்டுங் கணவாயின் பனியில் ஏறுகிறது. அங்கே குதிரையின் சுமையை இறக்கி யாக் மாடுகளின் முதுகில் மாற்றிக் கடப்பது வழக்கம். பிறகு நூப்ரா பள்ளத்தாக்கில் இறங்கி, வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போன பனாமிக் கிராமத்தில் வணிகக் கூட்டம் தங்கும். அதற்கப்பால் பல நாள் பயணத்துக்கு ஊரென்று சொல்லத்தக்க ஊர் இல்லை, புல் இல்லை, விறகு இல்லை. ஆகவே பிராணிகளைக் கொழுக்க மேயவிட்டு, வாற்கோதுமையும் உலர்ந்த தீவனமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம் அதுவே. தின்னும் பிராணிக்குத் தீனி சுமக்க மற்றொரு பிராணி வேண்டும், அதற்கும் தீனி வேண்டும் என்னும் இந்தக் கணக்குத்தான் அந்த வழியின் கூலியையும் சரக்கின் தன்மையையும் நிர்ணயித்தது; கனத்தில் குறைந்து விலையில் உயர்ந்த பண்டமே அவ்வழியே போகத் தகுதியுடையதாயிற்று.

பனாமிக்கைக் கடந்தால் சஸேர் கணவாயின் பனியாறு. அதன் பின் 17,000 அடி உயரத்தில் காற்று அறைகின்ற தெப்சாங் வெளி. காரகோரக் கணவாயோ 18,000 அடிக்கு மேற்பட்டதாயினும் ஏற்றம் செங்குத்தாக இல்லை, பனியும் அதிகமில்லை. அதன் தெற்கே உருகும் நீர் சிந்துவையும், வடக்கே உருகும் நீர் துருக்கிஸ்தானத்துப் பாலைநிலத்தையும் நாடுகிறது. அப்பால் சுகேத் கணவாய், ஷாஹிதுல்லா, சஞ்சு கணவாய் என்று வழி நீள்கிறது. குளிர்காலத்தில் கார்டுங்கையும் சஸேரையும் விட்டுவிட்டு, உறைந்த ஷையோக் நதியின் பனிக்கட்டி மேலேயே மீண்டும் மீண்டும் குறுக்கிட்டு நடந்தனர். அவ்வழியே போன பிரயாணிகள் பலரும் தவறாமல் குறிப்பிடும் ஒன்று, பாதையின் இருமருங்கிலும் கிடந்த குதிரை எலும்புகள். மூடுபனியில் வழி தவறியவர்களுக்கு அவையே அடையாளமாக உதவின. யார்க்கண்டின் சுல்தான் சயீத் கான் 1533-இல் லடாக் படையெடுப்பிலிருந்து திரும்பும்போது மெல்லிய காற்றால் மூச்சுத் திணறி உயிர்நீத்ததும் இம்மலைகளுக்கிடையேதான்.

பிரிட்டிஷார் இந்த மார்க்கத்தின்மேல் கண்வைத்தது சற்றே தாமதமாக. 1820-இல் லேயை அடைந்த கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் வில்லியம் மூர்கிராப்ட், லடாக் அரசாங்கத்துடன் ஒரு வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டார். கம்பெனி அதை ஏற்கவில்லை. யாகூப் பேக் 1865-இல் காஷ்கரில் தனியரசு நிறுவிய பிறகே, இந்தியத் தேயிலைக்கும் துணிக்கும் அங்கே பெரிய சந்தை உண்டு என்ற நம்பிக்கை கல்கத்தாவில் பிறந்தது. 1867-இல் டாக்டர் ஹென்றி கேலி வர்த்தகத்தைக் கவனிக்க லேயில் நியமிக்கப்பட்டார். 1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபுவும் காஷ்மீர மகாராஜா ரண்பீர் சிங்கும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இந்தப் பாதையை எல்லா வணிகருக்கும் என்றென்றும் திறந்த நெடுஞ்சாலையாகப் பிரகடனம் செய்தது. இருதரப்புக்கும் ஒவ்வொரு கமிஷனர் என இருவரை நியமித்தது. தங்குமனைகளும் தானியக் களஞ்சியங்களும் அமைக்க வழிசெய்தது. கடவுவரியை மகாராஜா விட்டுக்கொடுத்தார். சாங்சென்மோ பள்ளத்தாக்கின் வழியாகப் புதுப் பாதையொன்று அளக்கப்பட்டு, அதற்காகப் பெருமுயற்சி நடந்தும், வணிகர்கள் தீவனம் கிடைக்கும் பழைய வழியையே விரும்பினர். உத்தியோகஸ்தர்கள் வரைபடத்தில் கோடிழுத்த இடத்தில் வர்த்தகம் போகவில்லை.

வடக்கிலிருந்து வந்த சரக்கில் கச்சாப் பட்டும், கம்பளமும், நம்தா விரிப்பும், குதிரைகளும், வெள்ளிக் கட்டிகளும், சிறிது தங்கத்தூளும் உண்டு. தெற்கிலிருந்து பருத்தித் துணியும், அவுரியும், பவளமும், ஜரிகைப் பட்டும், நறுமணச் சரக்கும் போயின. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் யார்க்கண்டிலிருந்து வந்த பண்டங்களுள் சரஸ் என்னும் கஞ்சாப் பிசினே ஒரு பெரும் பங்கு என்பதை மறைப்பதற்கில்லை. அதன்மீது வரி விதித்துப் பஞ்சாப் அரசாங்கம் வருவாய் பெற்றது. ஹோஷியார்பூரிலும் அமிர்தசரஸிலும் அதன் வியாபாரம் செழித்தது. இவையன்றி, யார்க்கண்டு முஸ்லிம்கள் மெக்காவுக்குப் போகும் வழியில் லேயைத் தாண்டிப் பம்பாய்த் துறைமுகத்துக்கு இறங்கினர். அந்த யாத்திரிகர்களும் சுமைக்கிடையே தங்கள் சொந்தச் சரக்கைக் கொணர்ந்து வழியில் விற்றுச் செலவை ஈடுசெய்தனர்.

சரித்திர நூல்கள் உடன்படிக்கையையும் தூதர்களையும் விரிவாகப் பேசும். சுமந்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. யார்க்கண்டு வணிகர் லடாக்கியப் பெண்களை மணந்து தோன்றிய ஆர்கோன் குடும்பத்தார் பலரும், கூலிக்குக் குதிரை ஓட்டும் கிராயாகஷ் என்பவர்களுமே இந்த வர்த்தகத்தின் உண்மையான தாங்கிகள். வழியோரக் கிராமத்தவரோ, ரேஸ் என்னும் முறைப்படி, வீட்டுக்கு வீடு முறைவைத்து ஆளும் குதிரையும் அனுப்பக் கடமைப்பட்டிருந்தனர். லடாக்கில் கோடை மிகக் குறுகியது, அறுவடைக் காலமும் சுமைக்கு அழைப்பு வரும் காலமும் ஒன்றே என்பதை நினைத்தால், அந்தச் சாலையின் விலையில் எவ்வளவு பங்கை அந்த உழவர்கள் கொடுத்தார்கள் என்பது விளங்கும்.

இந்த வழியில் நிகழ்ந்த ஒரு கொலை, எதிர்பாராத விதமாக ஸம்ஸ்கிருத ஆராய்ச்சிக்கே ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. யார்க்கண்டில் நெடுங்காலம் வியாபாரம் செய்த ஆண்ட்ரு டல்கிலீஷ் என்னும் ஸ்காட்லாந்துக்காரரை, 1888-இல் காரகோரக் கணவாயின் அருகே தாவூத் முகமது என்னும் ஆப்கானியன் கொன்றான். கொலைகாரனைத் தேடிப் புறப்பட்ட ஹாமில்டன் பவர் என்னும் ராணுவ அதிகாரி, 1890-இல் துருக்கிஸ்தானத்துக் கூச்சா என்னும் ஊரில், பூர்ஜமரப்பட்டையில் எழுதிய ஓர் ஏட்டை விலைக்கு வாங்கினார். ஹெர்ன்லே என்னும் பண்டிதர் அதைப் படித்தபோது, வெள்ளைப்பூண்டின் குணங்களைப் புகழ்ந்து தொடங்கும் பழைய ஸம்ஸ்கிருத வைத்திய நூல் அதில் இருப்பது தெரியவந்தது. பாலையின் மணலில் புதைந்த பாரதீய ஏடுகளைத் தேடும் வேட்கை அறிஞரிடையே பற்றிக்கொண்டது அதற்குப் பிறகே.

வர்த்தகம் நலிந்தது படிப்படியாக. 1930-இல் சோவியத் நாட்டின் துர்கிஸ்தான்–சைபீரிய ரயில்பாதை முடிந்ததும், குதிரைமுதுகில் வந்த துணியோடு ரயிலில் வந்த துணி போட்டியிட்டு வென்றது. சிங்கியாங்கில் 1930களில் எழுந்த கலகங்களும், அவற்றுக்குப் பின் நிலைபெற்ற ஆட்சியின் கெடுபிடியும் இந்திய வணிகர்களை அங்கிருந்து விரட்டின. 1947-48-இல் காஷ்மீரப் போர் ஸ்ரீநகரிலிருந்து லேக்கு வரும் வழியிலுள்ள சோஜி கணவாயை அடைத்தது. 1949-இல் சிங்கியாங் புதிய சீன அரசின் வசமாகியதோடு காரகோர வழி மூடப்பட்டது. அதற்குப் பின் அது வர்த்தகத்துக்குத் திறக்கப்படவேயில்லை. மலை மாறவில்லை, கணவாயின் உயரமும் மாறவில்லை. பனியும் பசியும் எத்தனையோ நூற்றாண்டுகளாகச் செய்ய இயலாததை இரண்டு ராஜ்யங்களின் சந்தேகம் சில மாதங்களில் செய்து முடித்தது என்பதே என் தீர்ப்பு. வணிகர்கள் விட்டுச்சென்ற இரட்டைத் திமில் ஒட்டகங்களின் வம்சம் மட்டும் இன்றும் நூப்ராவின் மணல்மேடுகளில் மேய்கிறது.

2020-இல் இந்திய–சீன வீரர்கள் மோதியதால் கல்வான் என்ற ஆற்றின் பெயரைப் பத்திரிகை படிக்கும் அனைவரும் அறிவர். அந்த ஆற்றுக்குப் பெயர் கொடுத்த குலாம் ரசூல் கல்வான், லேயில் பிறந்து, ஐரோப்பியப் பிரயாணிகளோடும் சரக்கோடும் இந்த மலைகளில் வாழ்நாளெல்லாம் நடந்து, பின்னாளில் லேயில் வணிகரை மேற்பார்க்கும் அக்சகால் பதவி வகித்த மனிதர். அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிய சுயசரிதம் 1923-இல் வெளிவந்தது. சுமந்தவர்கள் தரப்பிலிருந்து இந்தப் பாதையைப் பற்றி எழுந்த அரிய சாட்சியம் அது. கார்கிலில் முன்ஷி அஜீஸ் பட் என்னும் வணிகரின் பழைய சராயில், அதாவது வணிகர் தங்குமனையில், கிடைத்த பண்டங்களை அவருடைய சந்ததியார் ஓர் அருங்காட்சியகமாக அமைத்திருக்கின்றனர். ஏரிகளையும் மடாலயங்களையும் காண லடாக்குக்குச் செல்லும் தமிழ் அன்பர்கள், ஸ்ரீநகர் சாலையில் போகும்போது கார்கிலில் அரைநாள் இறங்கி அதனையும் பார்த்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.