கணிப்பொறியின் காதும் அதன் காவலும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊர்த் தொகுதிகளை ‘நாடு’ என்று அழைப்பது வழக்கம். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்பன போல வாழவந்தி நாடும் அவற்றுள் ஒன்று. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழே. மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வந்த பெயர் அது; கேரளத்து மொழியோடு அதற்குத் தொடர்பில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த இம்மலையில் மரவள்ளி பரவியபின் சிறுதானியச் சாகுபடி சுருங்கிவிட்டது. பயிர் போனால், அதன் வகைகளுக்கு முதியோர் வழங்கிய பெயர்களும் பேச்சிலிருந்து மெல்ல மறைந்துவிடும்.

அப்பெயர்களைப் பதிவுசெய்ய ஒரு கல்லூரி மாணவி வாழவந்தி நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அவளிடம் லினக்ஸ் இயங்கும் மடிக்கணினி ஒன்றும், யூஎஸ்பி வழியே இணைக்கும் வெளி ஒலிப்பெட்டி ஒன்றும், நல்ல ஒலிவாங்கி ஒன்றும் உள்ளன. காட்டு வேலையை விட்டுவிட்டுப் பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்திருக்கிறார். பதிவுப் பொத்தானை அழுத்தினால் திரையில் தோன்றுவது, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி! கருவி அவளுடையது, கணிப்பொறியும் அவளுடையது. பின் அனுமதி மறுப்பது யார்? ஏன்?

இதற்கு விடை காண நாம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பலருக்கு ஒரே பொறி

தொடக்கக் காலக் கணிப்பொறியில் ஒரு நேரத்தில் ஒருவர் வேலையே நடக்கும். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு முறைக்காகக் காத்திருக்க வேண்டும். 1961 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர், பலர் ஒரே நேரத்தில் ஒரே பொறியைப் பயன்படுத்தும் ‘நேரப் பகிர்வு’ முறையைச் செய்து காட்டினர். பலர் கூடிய இடத்தில், ‘இது யாருடையது?’ என்ற கேள்வி எழுவது இயல்பே. கடவுச்சொல் இம்முறையோடு வந்தது. அதனை ஏய்க்கும் வழியும் உடனே வந்தது! தமக்கு ஒதுக்கிய நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962இல் எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார்.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தொடங்கினர். அதன் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று நம் கதைக்கு உயிர்நாடி: கருவியும் ஒரு கோப்பே. அச்சுப்பொறியோ, நாடாவோ, எதுவாயினும் ‘டெவ்’ என்னும் அடைவில் ஒரு பெயராக அது நிற்கும். அக்கோப்பைப் படித்தால் கருவியிலிருந்து தரவு வரும்; அதில் எழுதினால் கருவிக்குச் செல்லும். ஆகவே, கோப்புக்குப் போடும் பூட்டையே கருவிக்கும் போட்டுவிடலாம். தனிக் காவல் தேவையில்லை.

திண்ணை, கூடம், அறை

அந்தப் பூட்டு எத்தகையது? 1974இல் தாம்சனும் ரிட்ச்சியும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இரண்டு வகையினரே உண்டு: கோப்பின் உரிமையாளர், மற்றெல்லோரும். ஒவ்வொருவருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று அனுமதிகள். 1978இல் அக்கட்டுரை திருத்தி வெளியிடப்பட்டபோது, இவ்விரண்டிற்கும் நடுவே ‘குழு’ என்ற மூன்றாம் வகையும் இடம்பெற்றிருந்தது.

நம் பழைய வீடுகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். திண்ணை வழிப்போக்கருக்கும் உண்டு, கூடம் உறவினருக்கு, அறை வீட்டுக்காரருக்கு மட்டும். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று எண் கொடுத்து, கூட்டி எழுதுவர். 660 என்றால் உரிமையாளரும் குழுவினரும் படிக்கலாம், எழுதலாம். பிறர்க்கு ஒன்றும் இல்லை. ஒலிக்கருவிகளுக்கு லினக்சில் பொதுவாக இடப்படும் எண் இதுவே.

ஒருவர் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்கலாம் என்ற வசதி, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1983இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் வகையில் வந்தது. ‘ஒலிக்குழு’, ‘அச்சுக்குழு’ என்று கருவிக்கு ஒரு குழு வைக்க இதுவே வழி செய்தது.

லினக்சுக்குக் குரல் வந்தது

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்சின் கருத்துகளைப் பின்பற்றி லினக்ஸ் கருநிரலை எழுதினார். அடுத்த ஆண்டே, அதே நாட்டவரான ஹன்னு சவோலைனன் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ ஒலி அட்டைக்கு இயக்கி நிரல் எழுதினார். அதில் ‘டிஎஸ்பி’ என்றொரு கருவிக் கோப்பு உண்டு. அதில் எழுதினால் ஒலிபெருக்கி பேசும். அதைப் படித்தால் ஒலிவாங்கி கேட்டதெல்லாம் வந்து சேரும்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. கோப்பைப் படிப்பது என்றால் அறையில் நடக்கும் பேச்சைக் கேட்பது என்றாகிறது. வலையமைப்பு வழியே அதே கணிப்பொறிக்குள் நுழைந்த வேறொருவர், தொலைவில் இருந்தபடியே அதைப் படிக்க முடிந்தால்? கணிப்பொறியின் காது ஒட்டுக் கேட்கும் காதாகிவிடும். இதனால்தான் டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் ஒலிக்கருவிகளைப் பிறர்க்கு மூடிவைத்து, ‘ஆடியோ’ என்ற குழுவினருக்கு மட்டும் திறந்துவைத்தன.

சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் இந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அது சிற்றூர் மாணவர் கைகளுக்கும் சென்றது. அவ்வாறு, ‘ஆடியோ’ குழு என்னும் ஏற்பாடும் அவர்கள் அறியாமலேயே அவர்களிடம் வந்து சேர்ந்தது.

ஜரோஸ்லாவ் கைசெலா என்னும் செக் நாட்டவர் தொடங்கிய ‘ஆல்சா’ என்ற புதிய ஒலியமைப்பு, 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6இல் பழையதன் இடத்தைப் பிடித்தது. இப்போது ஒலிக்கருவிகள் ‘டெவ்’ அடைவுக்குள் ‘எஸ்என்டி’ என்ற உள்ளடைவில் இருப்பது ஆல்சா வகுத்த முறையே.

செருகினால் முளைக்கும் கருவி

ஒலி அட்டை பெட்டிக்குள் நிலையாக இருந்தவரை சிக்கல் குறைவு. 1996இல் யூஎஸ்பி வந்தது. கருவி இப்போது வரும், போகும். செருகும்போது அதற்குரிய கோப்பு முளைக்க வேண்டும். பிடுங்கினால் மறைய வேண்டும். இவ்வேலைக்கென 2003இல் கிரெக் குரோவா ஹார்ட்மன் முன்வைத்த நிரல் ‘யூடெவ்’. எந்தக் கருவிக்கு எந்தக் குழு, எந்த அனுமதி என்பதை அதன் விதிக் கோப்புகள் சொல்லும்.

இதை அறிந்தால் ஒரு பொதுவான ஏமாற்றத்தின் காரணம் புரியும். கருவிக் கோப்பின் அனுமதியைச் ‘சிஎச்மாட்’ கட்டளையால் கையால் மாற்றிப் பதிவு செய்கிறோம். மறுநாள் செருகினால் மீண்டும் மறுப்பு! நேற்று நாம் மாற்றிய கோப்பு பிடுங்கியவுடன் மறைந்துவிட்டது. இன்று முளைத்தது புதுக் கோப்பு. அது விதிப்படியே பிறந்திருக்கிறது.

பெயரா, இருக்கையா?

குழு முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. குழுவில் சேர்ந்தவர் எங்கிருந்து நுழைந்தாலும் குழுவினரே. முன்னால் அமர்ந்திருப்பவருக்கும் தொலைவிலிருந்து நுழைந்தவருக்கும் வேறுபாடு தெரியாது. ‘நீ யார்?’ என்று கேட்டால் போதாது. ‘நீ எங்கே அமர்ந்திருக்கிறாய்?’ என்றும் கேட்க வேண்டும்.

2010இல் லென்னார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் தொடங்கிய ‘சிஸ்டம்டி’ இக்கேள்வியைக் கேட்டது. அதன் ‘லாகின்டி’ என்ற பகுதி, விசைப்பலகையும் திரையும் சேர்ந்த ஓர் இடத்தை ‘இருக்கை’ எனக் கொள்கிறது. அதில் அமர்ந்து உள்நுழைந்தவரின் பெயரை ஒலிக்கருவிக் கோப்பின் அனுமதிப் பட்டியலில் தற்காலிகமாகச் சேர்க்கிறது. அவர் எழுந்து வேறொருவர் அமர்ந்தால், முதலாமவர் பெயரை நீக்குகிறது. அனுமதி எழுத்துகளை அடுத்து ஒரு கூட்டல் குறி தெரிந்தால், இத்தகைய கூடுதல் பட்டியல் உண்டு என்பது பொருள்.

எனினும் முன்பே திறந்து வைத்த ஒலிக் கோப்பை இம்முறை பிடுங்கிக்கொள்வதில்லை. மேலும், ‘ஆடியோ’ குழுவில் உள்ளவரை இருக்கைக் காவல் தடுக்காது. ஆகவே, பலர் பயன்படுத்தும் பள்ளி ஆய்வகக் கணிப்பொறியில் மாணவர் அனைவரையும் அக்குழுவில் சேர்ப்பது தவறு. ஒருவரே பயன்படுத்தும் பதிவுக் கணிப்பொறியில் அதனால் பெருங்கேடு இல்லை.

கைப்பேசியிலும் இதன் வாரிசைக் காணலாம். ஆண்ட்ராய்டின் கருநிரல் லினக்சே. அதில் ஒவ்வொரு செயலியும் தனிப் பயனராக நடத்தப்படுகிறது. 2015இல் வந்த ஆறாம் பதிப்பு முதல், ஒலிவாங்கியைத் திறக்குமுன் செயலி நம்மைக் கேட்டாக வேண்டும்.

நேரத்துக்கும் அனுமதி

கருவி திறந்தும் பதிவில் ‘டிக் டிக்’ என்ற வெட்டொலி கேட்பதுண்டு. இது வேறு வகை அனுமதியின் குறை. நொடிக்கு 48,000 மாதிரிகள் வீதம் ஒலியை எடுத்து, 256 மாதிரிகள் கொண்ட இடைத்தேக்கத்தில் சேர்ப்பதாகக் கொள்வோம். 256ஐ 48,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.3 மில்லி நொடி. அந்நேரத்தில் ஒலி காற்றில் 1.8 மீட்டரே செல்லும். அதற்குள் பதிவு நிரலுக்கு முறை வராவிட்டால் அத்துண்டு ஒலி இழக்கப்படும். எனவே அந்நிரலுக்கு மற்றவற்றை முந்தும் முன்னுரிமை வேண்டும். ஆனால் பிழையுள்ள ஒரு நிரல் அதனைப் பெற்றால் கணிப்பொறியே உறைந்துபோகலாம். அதனால் அம்முன்னுரிமை முழு அதிகாரம் உள்ள ‘ரூட்’ பயனருக்கு மட்டுமே இருந்தது. 2005இல் வந்த லினக்ஸ் 2.6.12, குறிப்பிட்ட பயனர்க்கோ குழுவுக்கோ வரம்பிட்டு அதை வழங்க வழிசெய்தது. குறித்த நேரத்தில் முறை தருவதை உறுதிசெய்யும் ‘நிகழ்நேர’த் திருத்தங்கள், ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் 2024இல் வந்த 6.12இல் கருநிரலோடு இணைந்தன.

மலையில் என்ன செய்வது?

மாணவியிடம் திரும்புவோம். அவள் முதலில் பார்க்க வேண்டியது பிழைச் செய்தியின் சொற்களை. ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ (பிழை எண் 2) என்றால் கருவியே தெரியவில்லை. கம்பியையும் செருகியையும் பார்க்க வேண்டும். ‘கருவி பணியில் உள்ளது’ (16) என்றால் வேறொரு நிரல் பிடித்திருக்கிறது. அதை மூட வேண்டும். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ (13) என்றால் மட்டுமே பூட்டுச் சிக்கல்.

பூட்டுச் சிக்கலாயின், அதே கணிப்பொறியில் வேறொருவர் பெயரில் மற்றோர் அமர்வு முன்னால் நிற்கிறதா என்று காண வேண்டும். பின் ‘குரூப்ஸ்’ கட்டளையால் தன் குழுக்களை அறியலாம். ‘ஆடியோ’ இல்லையெனில், நிர்வாகி உரிமையுடன் தன்னை அதில் சேர்க்கலாம். சேர்த்த உடனே பலன் இராது! உள்நுழையும்போதுதான் ஒருவரின் குழுப் பட்டியல் எழுதப்படுகிறது. அதன்பின் தொடங்கும் நிரல்கள் அப்பட்டியலையே வழிவழியாகப் பெறுகின்றன. முழுதும் வெளியேறி மீண்டும் நுழைந்தால், புதுப் பட்டியல் வரும்.

பதிவு நிரலை ‘ரூட்’ ஆக ஓட்டுவது குறுக்குவழி. அவ்வாறு பதிந்த கோப்புகள் ரூட்டின் பெயரில் அமைந்து, மறுநாள் அவளாலேயே திருத்த முடியாமல் போகும். எண்ணை 666 ஆக்குவது வீட்டின் அறைக்கதவைக் கழற்றித் திண்ணையில் வைப்பது போன்றது.

இவற்றையெல்லாம் மலையேறுமுன் வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், பெரியவரைக் காக்கவைக்க நேராது. ஒரு சாமை வகையின் பெயரை நினைவில் வைத்திருப்பவரிடம் மறுமுறை கேட்கும் வாய்ப்பு எப்போதும் கிட்டுமா? கணிப்பொறி அனுமதி தந்தபின், இன்னோர் அனுமதியும் பாக்கியிருக்கிறது. ‘ஐயா, நீங்கள் பேசுவதைப் பதிந்துகொள்ளலாமா? யாருக்கெல்லாம் போட்டுக் காட்டலாம்?’ என்று அவரையே கேட்க வேண்டும். அந்த அனுமதியைத் தரும் கட்டளை எந்த இயக்க முறைமையிலும் இல்லை.